இறால் ஷெட் வாசலில் தினம் ஒரு வளைகாப்பு

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையை ஒட்டி இறால் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். சாயங்காலம் விசைப்படகுகள் கரைக்கு வந்துவிட்டால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இறால் வாசம் அடிக்கும். முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. பெரியவர்கள் இன்னும் முத்தைப் பற்றியே பேசுவார்கள்; மற்ற எல்லாருக்கும் இறால்தான் முத்து.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன கிறிஸ்தவ ஊரான நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு சித்தப்பா, ஒரு அத்தை எல்லாரும் ஆசிரியர்கள். சாப்பாட்டு மேசையில்கூட யாராவது யாருக்காவது பாடம் நடத்திக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பயந்தோ என்னவோ, விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு தூத்துக்குடியில் இறால் தோல் உரிக்கும் ஷெட்டுக்கு சூப்பர்வைசராகப் போய்விட்டேன். அப்பா கொஞ்ச காலம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தால், ஷெட்டில் இருந்த பெண்கள் நான் நாசரேத் என்றதுமே 'டீச்சரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நாசரேத்துக்காரி வேறு என்னவாக இருக்க முடியும் என்பது அவர்கள் கட்சி.

ஷெட் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டுத் தரை, தகடு அடித்த நீளமான மேசைகள், ஐஸ் உடைக்க ஒரு தொட்டி, வாசலுக்கு வெளியே ஒரு பூவரச மரம். நாற்பது ஐம்பது பெண்கள் காலையில் வந்து நின்றபடி வேலை செய்வார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை இழுத்துப் போட்டால் இறால் தயார். பேச்சும் சிரிப்பும் வளையல் சத்தமுமாக ஷெட்டே கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

ஷெட் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். கருப்பட்டி வியாபாரத்தில் இருந்து இறாலுக்கு மாறியவர். சுத்த சைவம். இறாலைத் தொடவும் மாட்டார், அதன் விலையைக் கேட்காமல் இருக்கவும் மாட்டார்.

இந்தத் தொழிலில் யாருக்கு என்ன அனுமதி, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பிடிபடவே கொஞ்ச நாள் ஆனது. படகுக்கு ஒரு பதிவு. அதன் எண் பக்கவாட்டில் எழுதியிருக்க வேண்டும். எங்களைப் போன்ற ஷெட்டுக்குத் தனி அனுமதி. இறாலை உறைய வைத்துக் கப்பலேற்றும் கம்பெனிக்கு வேறொரு உரிமம். படகுக்காரர் ஷெட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஷெட் கம்பெனிக்கு, கம்பெனி ஏற்றுமதியைச் சோதிக்கிற அதிகாரிகளுக்கு. "நம்ம ஷெட்டுல ஒருத்தி தும்முனா கொச்சியில இருக்க ஆபீசருக்குத் தெரிஞ்சாகணும்" என்று அண்ணாச்சி அலுத்துக்கொள்வார். அந்தத் தும்மலைத் தெரிவிக்கும் ஆள் நான்தான். சம்பளம் தருவது அண்ணாச்சி. யாருக்குக் கையில் புண், யாருக்குக் காய்ச்சல், தண்ணீரில் குளோரின் சரியாக இருந்ததா என்று தினமும் நான் அறிக்கை தருவது கம்பெனிக்கு. சோறு போடுகிறவரைப் பற்றியே கோள் சொல்லும் உத்தியோகம். அதை நான் ரொம்ப விறைப்பாகச் செய்துவந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் கம்பெனியில் இருந்து ஆள் வந்துவிட்டார். கப்பலுக்குப் போகும் முன் சோதனைக்காக, உறைய வைத்த ஒரு இறால் கட்டியை உருக்கிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே பச்சைக் கண்ணாடிச் சில்லு. உடைந்த வளையல். பெட்டியில் இருந்த அடையாளத்தை வைத்து அது எங்கள் ஷெட்டில் உரித்தது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எவரோ ஒருவர் வாயில் போய்க் குத்தியிருந்தால் என்ன ஆவது? ஷெட்டின் அனுமதியைப் புதுப்பிக்க அதிகாரிகள் சில மாதத்தில் வர இருந்தார்கள். அவர்கள் வரும்போது உள்ளே ஒரு கையில் கண்ணாடி வளையல் இருந்தாலும் அனுமதி கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அனுமதி இல்லை என்றால் ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான். அத்தனை பெண்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இன்றைக்கும் சொல்கிறேன், இறால் மேசைக்குக் கண்ணாடி வளையல் ஆகாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. உடனே வாசலுக்கு உட்புறம் பலகை அடித்து வரிசையாக ஆணி வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு ஆணிக்கு மேலும் பெயர் எழுதினேன். வரும்போது கழற்றி மாட்டு, போகும்போது எடுத்துப் போட்டுக்கொள். இதைவிட எளிதாக ஒரு ஏற்பாடு இருக்க முடியுமா என்று எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் எங்காவது 'கிணிங்' என்று சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஒருத்தி இரண்டு வளையலை முழங்கைக்கு மேல் ஏற்றி ஜாக்கெட் கைக்குள் சொருகியிருப்பாள். இன்னொருத்தி மணிக்கட்டில் துணி சுற்றி அதற்குள் ஒன்றை வைத்திருப்பாள். தினமும் மேசை மேசையாகப் போய்க் கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதே என் பிழைப்பாகிவிட்டது. டீச்சரம்மா என்ற பெயர் போய் 'வளையல் போலீஸ்' என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

மேசைகளுக்கெல்லாம் மூத்தவர் கடற்கரைத் தெருவைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க அக்கா. கழுத்தில் செபமாலை, வாயில் ஓயாத கேலி. ஒரு நாள் அவரிடம் கோபமாகவே கேட்டேன், சின்னப் பிள்ளைகள்தான் அப்படிச் செய்கிறார்கள், நீங்களுமா என்று. அவர் முகத்தில் அன்றைக்குக் கேலி இல்லை.

"ஒங்களுக்கு இது கண்ணாடி, டீச்சரம்மா. எங்க மாப்பிள்ளமாரு இப்ப கடல்ல கிடக்காக. அவுக கடல்ல கிடக்கையில பொண்டாட்டி வளையலக் கழட்டி ஆணியில மாட்டுனா அது எதுல போயி முடியும்? ராத்திரி அவுக மூஞ்சிய எப்படிப் பாக்க?"

எனக்கு அது முழுதாக ஏறவில்லை. எங்கள் புராட்டஸ்டண்டு வீட்டில் பெண்கள் கண்ணாடி வளையல் போடும் வழக்கமே கிடையாது. அம்மா கையில் ஒரு கடிகாரம் இருக்கும், அவ்வளவுதான். வெறுங்கை என்பது எனக்கு வெறும் கை. அவர்களுக்கு அது வேறு. சட்டம் சட்டம்தான் அக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனாலும் அன்றிலிருந்து அந்த ஆணிப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரியாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஆத்தூர்க்காரியின் விவகாரம் வந்தது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஆத்தூர்ப் பக்கத்து நெல்வயல் குடும்பத்துப் பெண். தூத்துக்குடியில் விசைப்படகில் வேலை பார்க்கும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்திருப்பாள். ஷெட்டிலேயே வேகமான கை அவளுடையது. பேச்சு குறைவு. அதற்கு முன்னால் இரண்டு முறை வயிற்றில் தங்கி, ஐந்தாறு மாதத்தில் கலைந்துபோயிருந்தது. மூன்றாவது முறையாக ஏழு மாதத்தைத் தாண்டிவிட்டாள். ஷெட்டே அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டது. ஐஸ் தரையில் அவள் நடந்தால் பத்துப் பேர் 'ஏளா, பாத்து' என்பார்கள்.

அவளுக்கு அம்மா இல்லை. ஊரில் இருந்து அத்தை ஒருத்தி வந்து வளைகாப்பு நடத்திவிட்டுப் போனாள். அடுத்த நாள் காலை, மணிக்கட்டில் இருந்து பாதி முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் அடுக்கிக்கொண்டு ஷெட் வாசலில் வந்து நின்றாள். பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கும் வரை கழற்றக் கூடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அவளை விட்டால் நாளைக்கு யாரைத் தடுப்பது? கழற்று, இல்லையென்றால் வீட்டுக்குப் போய் ஓய்வெடு, பிள்ளை பிறந்த பிறகு வா என்றேன். தன்மையாகத்தான் சொன்னேன்.

"கழட்டமாட்டேன், டீச்சர்" என்றாள். "வீட்டுக்கும் போகமாட்டேன். அவுக விடியுமுன்ன கடலுக்குப் போயிருதாக. அங்கன நாலு சுவரையும் பாத்துக்கிட்டு ஒத்தையில கிடந்தா, முன்ன போனது ரெண்டும்தான் நெனப்புல வருது. நான் இந்த மரத்தடியில இருந்துக்கிடுதேன். உள்ள ஒங்க எல்லாருக்க சத்தமும் கேட்டாப் போதும்."

அவ்வளவு நீளமாக அவள் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டுப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

என் கடமைப்படி கம்பெனிக்குத் தெரிவித்தேன். வேலைக்காரர் பட்டியலில் இருந்து அவள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வாசலை எட்டிப் பார்த்தார். "பேர எடுத்தாச்சுன்னு சொல்லிரும்மா. மரத்தடி நம்ம அனுமதிக்குள்ள வருதா என்ன? சுவத்துக்கு உள்ளதான அனுமதி" என்றார். கருப்பட்டி வியாபாரி என்றாலும் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர்.

இரண்டு மூன்று நாள் அப்படியே போனது. பெண்கள் அவளைத் தாண்டி உள்ளே வருவார்கள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆணியில் வளையலை மாட்டுவார்கள். பிறகு ஒரு காலை, கத்தோலிக்க அக்கா வாசல் வரை வந்தவர் ஆணிப் பலகையைப் பார்த்தார், திரும்பி மரத்தடியைப் பார்த்தார். விறுவிறுவென்று மரத்தடிக்குப் போனார். தன் கையில் இருந்த வளையல்களைக் கழற்றி, ஆத்தூர்க்காரியின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.

"நான் வெளிய வார வரைக்கும் நீ போட்டுக்கிட்டு இரு. ஒனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு" என்றார்.

அவ்வளவுதான். பின்னால் வந்தவள் அதைப் பார்த்தாள். அவளும் போய்ப் போட்டுவிட்டாள். அதற்குப் பின்னால் வந்தவளும். சற்று நேரத்தில் பூவரச மரத்தடியில் வரிசையே நின்றுவிட்டது. ஒருத்தி அவள் கன்னத்தில் மஞ்சளைத் தடவினாள், ஒருத்தி தலையில் இருந்த பூவைக் கிள்ளி அவளுக்கு வைத்தாள். அதுவும் உள்ளே கூடாத பொருள்தான், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கை நிறைந்துபோனதும் மடியில் ஒரு பனையோலைப் பெட்டியை வைத்துக்கொண்டாள். எல்லாருடையதிலும் ஒன்று அவள் கையில் ஏறும், மிச்சம் பெட்டிக்குள் போகும். கழற்றுகிற காரியம் போய்ப் போட்டுவிடுகிற காரியமாகிவிட்டது. புருஷன் கடலில் இருக்கும்போது வளையலைக் கழற்றினாள் என்று இனி யாரும் சொல்ல முடியாது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வளையல் போட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று ஷெட்டுக்குள் ஒரு வளையல் சத்தம் இல்லை. மேசை மேசையாகப் போய்ப் பார்த்தேன். ஜாக்கெட் கையில் இல்லை, துணிச் சுற்றில் இல்லை. ஆணியும் பெயரும் வைத்து நான் சாதிக்காததை ஒரு மீன் கூடையில் உட்கார்ந்தபடியே அவள் முடித்துவிட்டாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர்கள் அவளைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டே தங்கள் வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஷெட் வாசலில் தினமும் வளைகாப்புதான். ஒவ்வொருத்தியின் கையும் அவள் கைக்கு வந்துபோவதால், 'இந்த அக்கா வெரல்ல வெட்டு இருக்கு டீச்சர், அந்தப் பிள்ளைக்கு உடம்பு சுடுது' என்று எனக்குச் சொல்லவும் ஆரம்பித்தாள். வாசலில் கையைப் பார்த்துத் தெரிவிக்க ஓர் ஆள் வேண்டும் என்று அனுமதி விதியிலேயே இருந்தது. அண்ணாச்சியிடம் அவளுக்குக் கூலி கொடுக்கச் சொன்னேன். பாதி தருகிறேன் என்று முனகிவிட்டு முழுதாகக் கொடுத்தார்.

ஆணிப் பலகையை நானே பிடுங்கிப் போட்டேன்.

அவளுக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மூத்த அதிகாரி கொச்சிப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, கையில் பெரிய கல் வைத்த மோதிரம், முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எந்தக் கண்ணாடி வளையலைத் தேடி வந்தாரோ அது ஒரு பெண்ணின் இரண்டு கையிலும் தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் ஏறியிருந்தது. மடிப்பெட்டியில் இன்னொரு குவியல். அண்ணாச்சிக்கு முகத்தில் ரத்தம் இல்லை.

இவர் யார் என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். பட்டியலில் அவள் பெயர் கிடையாது. வேலைக்காரி இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த நிமிஷத்துக்குத் தப்பிக்கலாம். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இவங்கதான் எங்க வாசல் பொறுப்பு, சார். வளையல் எல்லாம் இங்கேயே நின்னுரும். உள்ளே ஒண்ணுகூட இருக்காது, போய்ப் பாருங்க" என்றேன்.

அவர் உள்ளே காலை வைத்தார். அப்போது ஆத்தூர்க்காரி, தினமும் எல்லாரிடமும் சொல்லிப் பழகிய அதே குரலில், "சார், மோதிரம்" என்றாள். ஓலைப்பெட்டியை அவர் பக்கம் நீட்டினாள்.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி அவளைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். மோதிரத்தைக் கழற்றி வளையல் குவியலுக்குள் போட்டுவிட்டுக் கையை அலம்பப் போனார்.

உள்ளே எல்லாவற்றையும் குடைந்து பார்த்தார்கள். தண்ணீர், ஐஸ், தரை, மேசைக்கு அடிப்புறம், நகம். கையைத் தூக்கச் சொன்னார்கள். அத்தனை கையும் ஒன்றுபோல வெறுமையாக உயர்ந்தது. அப்போதுதான் வாசலில் இருந்து ஒரு முனகல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஆத்தூர்க்காரி மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறாள். வலி வந்துவிட்டது.

உள்ளே பெண்கள் துடித்தார்கள். ஆனால் மேசை நிறைய பாதி உரித்த இறால். அப்படியே போட்டுவிட்டு வந்தால் அத்தனையும் கெட்டுவிடும், அதுவும் அதிகாரிகள் கண் முன்னால். நானும் போக முடியாது, கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். அதிகாரி என்னைத் தாண்டிப் போய் டிரைவரைக் கூப்பிட்டார். என்னிடம் திரும்பி, "நீங்க கூடப் போங்கோ. இங்கே கேட்கானுள்ளது நான் முதலாளியிடம் கேட்டுக்கொள்ளும்" என்றார்.

அரசாங்க ஜீப் எங்களையும் ஓலைப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஷெட்டின் மொத்த வளையலும் சேர்ந்து குலுங்கியது. பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது, அத்தனை பேர் வளையலும் எங்களோடு வந்துவிட்டது என்று. அதிகாரியின் மோதிரமும்.

பிரசவ அறை வாசலில் நின்ற நர்ஸ் கண்டிப்பானவர். அவளைப் பார்த்ததும், "இதென்ன வளையல் கடையா? முதல்ல எல்லாத்தையும் கழட்டுங்க. ஊசி போட இடமில்லை" என்றார். ஆத்தூர்க்காரி வலியோடு வலியாகக் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இது என்னோடது இல்லை, அவுக மாப்பிள்ளமாரு எல்லாம் கடல்ல கிடக்காக, நான் எப்படிக் கழட்டி எங்கே வைப்பேன் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நர்ஸ் அங்கே இருந்த ஒரு தகர டிரேயைக் காட்டினார். அதில் போடு என்றார்.

அந்த டிரேயைப் பார்த்ததும் எனக்கு என் ஆணிப் பலகை ஞாபகம் வந்தது. நர்ஸ் சொன்னதில் தப்பே இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் முந்தானையை மடியில் விரித்தேன்.

"எம்மடியில போடு. நீ வார வரைக்கும் நான் எந்திரிக்கமாட்டேன்" என்றேன். எனக்கே தெரியாமல் அவர்கள் பேச்சு என் வாயில் வந்துவிட்டது.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். ஒவ்வொன்றாக நான்தான் கழற்றினேன். ஓலைப்பெட்டியில் இருந்ததையும் மடியில் கொட்டிக்கொண்டேன். அத்தை போட்ட வளையலை மட்டும் இடது கையில் விட்டுவிடச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சினேன். அவரும் மனுஷிதானே, சரி என்றார். அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நான் அந்த வராந்தாத் தரையிலேயே மடி கனக்க உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஷெட் பெண்கள் வந்தார்கள். கடைசி இறால் வரைக்கும் உரித்து முடித்து, மேசை கழுவிவிட்டு, கடற்கரைச் சாலையில் இருந்து அத்தனை பேரும் நடந்தே வந்திருந்தார்கள். வெறுங்கையோடு. எந்த வெறுங்கையை நாலு சுவருக்குள் வைத்துக்கொள்ளவே பயந்தார்களோ, அதை ஊர் பார்க்க வீசி நடந்து வந்திருக்கிறார்கள். என் மடியைப் பார்த்தார்கள். யாரும் வளையலைக் கேட்கவில்லை. வேப்ப மரத்தடியில் கூட்டமாக உட்கார்ந்தார்கள். கத்தோலிக்க அக்கா செபமாலையை உருட்ட ஆரம்பித்தார். ஆத்தூர்க்காரியின் புருஷன் படகில் இருந்து இறங்கிய கோலத்தில், மேலெல்லாம் உப்போடு ஓடி வந்து சுவரோரமாக நின்றார்.

கொஞ்ச நேரத்தில் ரிக்‌ஷாவில் அந்த அதிகாரியும் வந்து சேர்ந்தார். மோதிரத்துக்காகத்தான். என் மடியைக் கிளறி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விரலில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார், ஷெட்டுக்கு அனுமதி புதுப்பிக்கச் சொல்லி எழுதிவிட்டதாக. வாசல் பொறுப்புக்கு ஓர் ஆளை நிரந்தரமாக வைக்க வேண்டும், அந்தப் பெண்ணின் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாராம். இந்தச் செய்திக்காகத்தானே மாதக்கணக்கில் தூக்கம் கெட்டோம். ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் சந்தோஷப்படத் தோன்றவில்லை. "அது இருக்கட்டும், சார். கொஞ்சம் உக்காருங்க, உள்ள ஒரு நல்ல சேதி வரட்டும்" என்றார் அக்கா. அவரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

விளக்கு போடும் நேரத்தில் உள்ளே இருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. இரண்டு உயிரும் சுகம். புருஷன் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து விம்மினார். நானும் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். மடியில் வளையல் இருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. எல்லாரும் என்னிடம் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நர்ஸ் வெளியே வந்ததும் அக்கா, பிள்ளை எடுத்தவருக்கு வளையல் கொடுப்பது எங்கள் முறை என்று என் மடியில் இருந்து ஒரு கைப்பிடி வளையலை எடுத்து நீட்டினார். நர்ஸ் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "எங்களுக்கும் டியூட்டியில வளையல் கூடாதும்மா" என்றார்.

உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் ஒவ்வொருத்தியாக என் மடியில் இருந்து தன் வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரு ஜோடி மிஞ்சியது. யாருடையது என்று கேட்டேன். எல்லாரும் தெரியாதது போல முகத்தை வைத்துக்கொண்டார்கள். அக்கா என் கையைப் பிடித்து அதைப் போட்டுவிட்டார். அன்றிரவு அதைப் பார்த்து, தூத்துக்குடியில் நான் தங்கியிருந்த வீட்டு உறவுக்காரச் சித்தி என்ன கோலம் இது என்று கேட்டார். நாளைக்கு ஷெட் வாசலில் கழற்றிவிடுவேன் சித்தி என்றேன்.

அந்த ஷெட் இப்போது இல்லை. பூவரசும் இல்லை. அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. நான் அதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனிகளில் வேலை பார்த்து, தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காலுக்குப் பூட்ஸ் என்று எத்தனையோ விதிகளை எழுதி ஒட்டினேன், ஒன்றையும் தளர்த்தியதில்லை. ஆனால் யாரிடமாவது எதையாவது கழற்றச் சொல்ல வேண்டி வந்தால், கழற்றியதை வைக்க அவர்களுக்கு ஒரு மடி இருக்கிறதா என்றுதான் இன்றைக்கும் முதலில் பார்க்கிறேன்.